பீரங்கிக் கணக்கில் பிறந்த கம்ப்யூட்டர்

மரக்காணத்தில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அண்ணன் இருக்கிறார். ராணுவத்தின் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். மகள் படிப்புக்காகப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பாப்பா இதுல படம் வரையுது, பாட்டு கேக்குது. எனக்கு இதால என்ன பிரயோஜனம்னு காட்டு" என்றார்.

நான் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன். எந்தப் பாத்தியில் எத்தனை மூட்டை, கூலி எவ்வளவு, லாரி வாடகை எவ்வளவு என்று டைப் செய்து மொத்தம் போட்டுக் காட்டினேன். ஒரு எண்ணை மாற்றியதும் கீழே மொத்தமும் தானாக மாறியது. அதைச் சிறிது நேரம் பார்த்துக் கொண்டிருந்தவர், "இதைத்தான் நாங்க பீரங்கிக்குக் கையால போட்டுக்கிட்டு இருந்தோம்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரின் முன்னோடிகளில் ஒன்று, பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்கிடத்தான் கட்டப்பட்டது. அந்தக் கதையையும், அதே கணக்கை உங்கள் கம்ப்யூட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கும் வழியையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஹோவிட்சர் என்றால் என்ன?

எதிரே தெரியும் ஒருவனிடம் பந்தை எறிய வேண்டும் என்றால் நேராக எறிவோம். அவன் பெரிய சுவருக்கு அந்தப் பக்கம் நின்றால் மேல்நோக்கித் தூக்கி எறிவோம். பந்து வளைந்து போய்ச் சுவரைத் தாண்டி விழும். குண்டை இப்படித் தூக்கி எறிவதற்கென்று அமைக்கப்பட்ட பீரங்கிதான் ஹோவிட்சர். மலைக்குப் பின்னால், மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இலக்கையும் அதனால் அடிக்க முடியும்.

ஹோவிட்சரில் இரண்டு வகை உண்டு. டாங்கி போலத் தானே ஓடுவது ஒன்று. லாரியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்வது மற்றொன்று. நாம் இங்கே பார்ப்பது இரண்டாவது வகை. இதில் லாரி பழுதானால் வேறு லாரியில் மாட்டிக் கொள்ளலாம். விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் நிறுத்தி, கால்களை விரித்து, சுடத் தயாராக நேரம் பிடிக்கும். சுடுபவர்களுக்கு மேலே கவசமும் கிடையாது. சுட்ட இடத்தை எதிரி ரேடார் மூலம் கண்டுபிடித்துத் திருப்பிச் சுடுவதற்குள் இடம் மாறியாக வேண்டும்.

முக்கியப் பாகங்கள்

குழல்: இந்திய ராணுவம் 1986-ல் வாங்கிய போபர்ஸ் பீரங்கியின் குழல் வாய் 155 மில்லிமீட்டர் அகலம். அதன் நீளத்தை 39 காலிபர் என்பார்கள். அதாவது வாய் அகலத்தைப் போல 39 மடங்கு. 155-ஐ 39-ஆல் பெருக்கினால் சுமார் 6 மீட்டர். குழலின் உட்புறம் திருகாணி போல வரி வெட்டியிருக்கும். அதனால் குண்டு பம்பரம் போலச் சுழன்று வெளியேறி, தலை கவிழாமல் பறக்கும்.

குண்டும் மருந்தும்: குண்டின் எடை சுமார் 43 கிலோ. அதைத் தள்ளும் வெடிமருந்து தனியே வரும். பக்கத்தில் சுட வேண்டுமானால் குறைவாகவும், தூரத்துக்குச் சுட வேண்டுமானால் கூடுதலாகவும் மருந்து வைப்பார்கள்.

பின்னுதைப்பு அமைப்பு: குண்டு முன்னே பாயும்போது குழல் பின்னே உதைக்கும். அந்த உதையை எண்ணெயும் வாயுவும் அடைத்த சிலிண்டர்கள் வாங்கிக் கொண்டு, குழலைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பரை நினைத்துக் கொள்ளுங்கள்.

கால்கள்: லாரியில் மாட்டும்போது சேர்ந்திருக்கும் இரண்டு நீண்ட கால்கள், சுடும்போது இருபுறமும் விரியும். அவற்றின் முனையில் மண்வெட்டி போன்ற தகடு மண்ணில் புதையும். மண் இறுகியதாக இருக்க வேண்டும். "நம்ம உப்பளத்துச் சேத்துல வச்சா முதல் குண்டுலயே பீரங்கி நகர்ந்துடும், ரெண்டாவது குண்டு வேற ஊருக்குப் போயிடும்" என்று அண்ணன் சொன்னார்.

கோணத் திருகிகள்: குழலை மேலே கீழே ஆட்ட ஒன்று, பக்கவாட்டில் திருப்ப ஒன்று. சுடுபவரின் கையில் இருப்பது இவ்வளவுதான். எவ்வளவு மருந்து, எந்தத் திசை, எந்தக் கோணம் என்ற மூன்று விடைகளும் சரியாக இருந்தால் குண்டு இலக்கில் விழும்.

ஆனால் சுடுபவர் இலக்கைப் பார்ப்பதில்லை. அது 10 அல்லது 20 கிலோமீட்டர் அப்பால் இருக்கும். முன்னே மறைந்திருக்கும் பார்வையாளர் ஒருவர் இலக்கின் இடத்தை வயர்லெஸில் சொல்வார். நடுவில் இருக்கும் கணக்கு அறையில் அந்த இடம் திசையாகவும் கோணமாகவும் மாறிப் பீரங்கிக்கு வரும். கம்ப்யூட்டர் பாடத்தில் இன்புட், பிராசஸ், அவுட்புட் என்று படிக்கிறோமே, அதே வரிசைதான்.

கடலூரில் மறைந்த கணக்கு மேதை

இந்தக் கணக்கில் பெரிய தொல்லை காற்று. காற்றே இல்லை என்று வைத்துக் கொண்டால் பள்ளிக்கூடக் கணக்கே போதும். அந்தக் காலத்துப் பீரங்கி நூல்கள் பலவும் காற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. அது தவறு என்று அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். தொங்கவிட்ட கனமான மரக்கட்டையில் துப்பாக்கியால் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். கட்டையைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டபோது, காற்று குண்டின் வேகத்தை எவ்வளவு தின்றுவிடுகிறது என்பது தெரிந்தது. இதை 1742-ல் நூலாக வெளியிட்டார். புகழ்பெற்ற கணித மேதை ஆய்லர் அதை 1745-ல் விளக்கங்களுடன் ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார்.

இந்த ராபின்ஸுக்கும் நம் கடற்கரைக்கும் தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக, கோட்டைகளைச் சீரமைக்க 1750-ல் இந்தியா வந்தார். 1751 ஜூலையில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். மரக்காணத்திலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரியைத் தாண்டிச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் அந்த ஊர். அவர் வந்த அதே 1750-ல்தான் நமக்கு வடக்கே கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆலம்பரைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தார்கள். இடிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

கணக்குப் போட்டவர்களின் பெயர் கம்ப்யூட்டர்

காற்றைச் சேர்த்தால் ஒரே சூத்திரத்தில் விடை வராது. குண்டின் பயணத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் வேகம், உயரம், தூரம் என்று போட்டுக் கொண்டே போக வேண்டும். இப்படிப் பல கோணங்களுக்கும் பல மருந்து அளவுகளுக்கும் போட்டுத் தொகுத்ததுதான் ரேஞ்ச் டேபிள் என்னும் தூர அட்டவணை. அட்டவணை இல்லாத பீரங்கி, ஸ்டியரிங் இல்லாத லாரி.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு இந்த அட்டவணைகளைப் போட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களது வேலையின் பெயரே 'கம்ப்யூட்டர்'. அதாவது கணக்கிடுபவர். 60 விநாடி பறக்கும் ஒரே ஒரு குண்டின் பாதையைக் கணக்கிட, மேஜைக் கால்குலேட்டருடன் ஒருவருக்குச் சுமார் 20 மணி நேரம் ஆயிற்று. ஓர் அட்டவணைக்கு இப்படி ஆயிரக்கணக்கான பாதைகள் வேண்டும். பீரங்கி தயாராகிவிடும், அட்டவணை தயாராகாது.

இந்த நெருக்கடியில்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மாக்லி, எக்கர்ட் இருவரும் எனியாக் என்ற எலக்ட்ரானிக் கணினியை 1943-ல் கட்டத் தொடங்கினார்கள். சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை. 20 மணி நேரக் கணக்கை அது 30 விநாடியில் முடித்தது. குண்டு பறந்து விழும் நேரத்தைவிட இது குறைவு! ஆனால் 1946 பிப்ரவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது போர் முடிந்துவிட்டது. அதற்கு புரோகிராம் எழுதிய முதல் ஆறு பேரும் பெண்கள். முன்பு கணக்கிடுபவர்களாக இருந்தவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மனிதரின் வேலைப் பெயர் இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

போபர்ஸ் முதல் தனுஷ் வரை

ஸ்வீடனிலிருந்து 410 போபர்ஸ் பீரங்கிகள் வாங்க 1986 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. அந்தப் பேரம் நாட்டின் அரசியலில் பெரிய புயலைக் கிளப்பியது. பீரங்கியோ 1999-ல் கார்கிலில் தன் பலத்தைக் காட்டியது. இங்கே கவனிக்க வேண்டியது மீண்டும் காற்றுதான். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். தடுக்கும் காற்று மெலிந்தால் குண்டு கூடுதல் தூரம் போகும். சமவெளிக் கணக்கை அப்படியே அங்கே வைத்தால் குண்டு இலக்கைத் தாண்டிப் போய்விடும்.

போபர்ஸுடன் வந்த தயாரிப்பு விவரங்களை அடிப்படையாக வைத்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜபல்பூர் பீரங்கித் தொழிற்சாலையில் தனுஷ் உருவானது. 45 காலிபர், அதாவது சுமார் 7 மீட்டர் குழல். முதல் ஆறு பீரங்கிகள் 2019 ஏப்ரலில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. குண்டின் பாதையைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் இதில் பீரங்கியின் மேலேயே இருக்கிறது. இதற்கும் அடுத்ததாக, 52 காலிபர் குழல் கொண்ட அடாக்ஸ் என்ற இழுவைப் பீரங்கிகள் 307 வாங்க 2025 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது.

நீங்களே செய்து பாருங்கள்

எனியாக் செய்த வேலையின் எளிய வடிவத்தை இப்போது நாம் செய்வோம். எக்ஸெல் இருந்தால் அதைத் திறக்கவும். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். குண்டின் வேகம் விநாடிக்கு 800 மீட்டர், கோணம் 45 டிகிரி என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் மேல்நோக்கிய வேகம் 566, முன்னோக்கிய வேகம் 566. (திரையில் ஆங்கில எழுத்தாகத் தெரியும் செல் பெயர்களை இங்கே உச்சரிப்பில் தருகிறேன்.)

1. முதல் வரிசையில் ஏ1 முதல் இ1 வரை தலைப்புகள்: நேரம், மேல் வேகம், உயரம், முன் வேகம், தூரம்.

2. இரண்டாம் வரிசையில் 0, 566, 0, 566, 0 என்று டைப் செய்திடுங்கள்.

3. சற்றுத் தள்ளி ஜி1 செல்லில் 1 என்று டைப் செய்திடுங்கள். இது காற்றுக்கான எண். 1 என்றால் காற்றே இல்லை.

4. ஏ3-ல் சமக்குறி போட்டு, ஏ2-வை மவுஸால் கிளிக் செய்து, +1 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

5. பி3-ல் சமக்குறி போட்டு, பி2-வைக் கிளிக் செய்து, பெருக்கல் குறியான * போட்டு, ஜி1-ஐக் கிளிக் செய்யுங்கள். உடனே எப்4 கீயைத் தட்டினால் ஜி1-க்கு $ அடையாளங்கள் வரும். காப்பி செய்யும்போது இந்தச் செல் நகரக் கூடாது என்பதற்கான பூட்டு அது. பிறகு -9.8 டைப் செய்து என்டர். புவியீர்ப்பு ஒவ்வொரு விநாடியும் குறைக்கும் வேகம் இது.

6. சி3-ல் சமக்குறி, சி2 கிளிக், +, பி3 கிளிக், என்டர்.

7. டி3-ல் சமக்குறி, டி2 கிளிக், *, ஜி1 கிளிக், எப்4, என்டர்.

8. இ3-ல் சமக்குறி, இ2 கிளிக், +, டி3 கிளிக், என்டர்.

9. ஏ3 முதல் இ3 வரை செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தைப் பிடித்து 152-ம் வரிசை வரை இழுத்து விடுங்கள். 150 விநாடிகளுக்கான கணக்கு ஒரே இழுப்பில் தயார்.

இப்போது உயரம் இருக்கும் நெடுவரிசையைப் பாருங்கள். 57-வது விநாடியில் குண்டு 16 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். 115-வது விநாடியில் உயரம் மைனஸ் ஆகும். அதாவது குண்டு தரையைத் தொட்டுவிட்டது. பக்கத்தில் தூரம் சுமார் 65,000 மீட்டர். மரக்காணத்திலிருந்து மேற்கே 65 கிலோமீட்டர் என்றால் திண்டிவனம் தாண்டி, செஞ்சியும் தாண்டிவிடும். போபர்ஸின் சாதாரணக் குண்டு போவதோ சுமார் 24 கிலோமீட்டர்தான்.

காற்றைச் சேர்ப்போம்

ஜி1-ல் 1-ஐ எடுத்துவிட்டு 0.99 என்று போடுங்கள். ஒவ்வொரு விநாடியும் காற்று 1 சதவீத வேகத்தைத் தின்கிறது என்று பொருள். தூரம் 35 கிலோமீட்டராகச் சுருங்கும். திண்டிவனத்தைச் சற்றுத் தாண்டும். 0.98 போடுங்கள். 88-வது விநாடியில் 23 கிலோமீட்டரில் விழுந்துவிடும். திண்டிவனத்துக்கே போகாது. உண்மைக்கு அருகில் வந்துவிட்டோம்.

இது விளையாட்டுக் கணக்குதான். உண்மையில் காற்றின் தடை குண்டின் வேகத்தைப் பொறுத்தும் உயரத்தைப் பொறுத்தும் மாறும். காற்று வீசும் திசை, வெடிமருந்தின் சூடு, குழலின் தேய்மானம், பூமியின் சுழற்சி எல்லாவற்றையும் சேர்ப்பார்கள். ஆனாலும் துண்டு துண்டாகக் கணக்கிடும் முறை இதே முறைதான்.

என் விரல் செய்த தவறு

அண்ணனுக்கு இதைக் காட்டும்போது அவசரத்தில் 0.98-க்குப் பதில் 0.89 என்று டைப் செய்துவிட்டேன். நான் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டர் பீப் சத்தம் எதுவும் போடவில்லை. வழக்கம்போல 150 வரிசையையும் அழகாக நிரப்பியது. அண்ணன்தான் திரையில் விரலை வைத்தார்.

"தம்பி, நாலரை கிலோமீட்டர்ல விழுது பாரு."

"ஆமாண்ணே, நம்பர் மாறிப் போச்சு" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "இலக்கு 23 கிலோமீட்டர்ல. நடுவுல யாரு இருப்பா? நம்ம காலாட்படைப் பசங்க இருப்பாங்க. பீரங்கிக்கு அது தெரியாது. உன் மிஷினுக்கும் தெரியாது" என்றார்.

பிறகு தன் படைப்பிரிவில் இருந்த வழக்கத்தைச் சொன்னார். ஒரே கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போடுவார்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு விடையும் ஒத்துப் போனால்தான் பீரங்கிக்கு உத்தரவு போகும். ஒருமுறை இவர் 340 என்று எழுத வேண்டிய இடத்தில் 430 என்று எழுதியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவரின் தாளில் 340. சுடவில்லை. "அவன் மட்டும் அன்னைக்கு என் தாளைப் பாத்து எழுதியிருந்தா..." என்றவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும், திரையில் வந்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். நாம் கொடுத்த எண் தவறு என்றால் வரும் விடையும் தவறு. வேகமாக வரும், நேர்த்தியாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். எனவே மூன்று பழக்கங்களை இன்றே தொடங்குங்கள்:

* கணக்கைத் தட்டும் முன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று மனதில் போட்டு வையுங்கள்.

* அடிக்கடி மாற்றும் எண்ணை, நாம் ஜி1-ல் வைத்தது போல, கண்ணில் படும் தனிச் செல்லில் வையுங்கள்.

* பணம், மருந்து அளவு போன்றவை என்றால் இன்னொருவரைத் தனியாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பைலை சேவ் செய்து கொள்ளுங்கள். அடுத்து 60 டிகிரி கோணத்துக்கு மேல் வேகம் 693, முன் வேகம் 400 என்றும், 30 டிகிரிக்கு அதைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். ஜி1-ல் 1 இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் விழும். ஆனால் ஒன்று மிக உயரப் போய் விழும், மற்றொன்று தாழ்வாகப் போகும். சுவருக்குப் பின்னால் இருப்பவனை அடிக்க எது உதவும் என்பது உங்களுக்கே புரியும்.

அண்ணன் இப்போது மூட்டைக் கணக்கைக் கம்ப்யூட்டரில்தான் போடுகிறார். மகள் தனியாக நோட்டில் ஒரு கணக்கு போடுகிறாள். சனிக்கிழமை மாலையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உப்பளத்தில் கூலி கொடுக்கிறார்.